வாய் மூடிய சரணம்

போகியன்று விடிகாலையில், மட்டாஞ்சேரி முடிந்து ஃபோர்ட் கொச்சி தொடங்கும் இடத்தில், எங்கள் பஜனைக் கோஷ்டி வாயை மூடிக்கொள்ளும். ஜால்ரா நிற்காது, டோலக் நிற்காது, கால்கள் நிற்காது. மெட்டு எல்லோருடைய தொண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். உதடுதான் திறக்காது. ஒரு சரணத்தின் நீளத்துக்கு அப்படியே நடப்போம். சரணம் முடிகிற இடம் எல்லோருக்கும் தெரியும். அங்கே நின்று, சேர்ந்தாற்போல ஒரு கைத்தட்டு. பிறகு காத்திருப்போம்.

எதிரிலிருந்து இரண்டு தட்டு வரும்.

தப். கொஞ்சம் இடைவெளி. தப்.

எதிரே ஆள் இருக்காது. இடதுபுறம் பழைய மிளகுக் குடோனின் நீளச் சுவர், வலதுபுறம் கதவு அடைத்த நாலைந்து கடைகள், நடுவே பனியும் உப்பு வாடையும். இரண்டாவது தட்டு விழுந்ததும் வாயைத் திறந்து, பல்லவியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்போம். அப்போது யாரும் பின்னால் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று வேலைகளை விட்டிருக்கிறேன், ஐந்து வீடு மாறியிருக்கிறேன், எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தரித்ததில்லை. ஆனால் எங்கே இருந்தாலும் போகிக்கு முதல் நாள் ரயில் ஏறிவிடுவேன். அந்த இரண்டு தட்டு என்னைக் கூப்பிடுகிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. நான் இல்லாத வருஷம் அது வராமல் போய்விடுமோ என்ற பயம்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் எல்லைக்கல் இருந்தது என்பார்கள். இந்தப் பக்கம் கொச்சி ராஜாவின் மண், அந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் மண். ஒரே தெரு, ஒரே சாக்கடை, ஒரே காக்கைகள். பத்தடி தாண்டினால் வேறு சட்டம், வேறு போலீஸ். கல் எப்போதோ போய்விட்டது. இப்போது அங்கே ஒரு மின்கம்பம் நிற்கிறது, அதில் ஹோம்ஸ்டேக்கு வழிகாட்டும் அம்புக்குறி.

எங்கள் சந்தின் பாட்டு ஓர் அம்மன் பாட்டு. மூன்று சரணம் அம்மனுக்கு. நாலாவது, சுதந்திரப் போராட்டக் காலத்தில் சந்தில் யாரோ கட்டியது. அதில் அம்மன் கோயிலைவிட்டு வெளியே வந்து தேசமாக நின்றாளாம். எத்தனையோ தலைமுறைக்கு முன் பாலக்காடு வழியாக வந்து, வீட்டில் தமிழ் பேசி, கடையில் மலையாளத்தில் கடுகு வாங்கி, ராஜாவுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தவர்களை, உங்கள் நாடு எது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தச் சரணம் கேட்டது. பதிலையும் அதுவே சொன்னது.

கோஷ்டி எல்லைக்கல்லைத் தாண்டி, வெள்ளைக்காரனின் மண்ணில் நின்று அதைப் பாடிவிட்டுத் திரும்பும். அதுதான் அந்தச் சரணத்தின் திமிர். பிறகு தடை வந்தது. அங்கே அதைப் பாடினால் பிடிப்போம் என்றார்கள். பாடவில்லை. விட்டுவிடவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு அந்தச் சரணத்தை நடந்தார்கள். மூடிய வாய்க்கு என்ன வழக்குப் போடுவது என்று ஏட்டுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு யாரோ சொல்லி, அம்மா எனக்குச் சொன்னது ஒன்று உண்டு. சரணத்துக்குச் சொல் இருந்தவரை அது தமிழ்க்காரர்களின் பாட்டு. பக்கத்துச் சந்துக் கொங்கணிக்காரர்களும், குஜராத்திச் சேட்டு வீட்டாரும், மலையாளிகளும் வாசலில் நின்று கேட்பார்கள், அவ்வளவுதான். வாயை மூடிய வருஷம் அவர்களெல்லாம் படியிறங்கி வந்து சேர்ந்து நடந்தார்களாம். மூடிய வாயில் நடக்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லையே.

சுதந்திரம் வந்தபின் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் எழுதி வைத்தால் அகப்படும் என்று அந்தச் சொற்களை யாரும் எழுதவில்லை. கட்டியவர் போய்விட்டார், பாடியவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் மூடிய வாயைத்தான் கற்றிருந்தார்கள்.

அந்தத் தட்டை நான் முதலில் கேட்டது ஒன்பது வயதில். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி கேட்டேன், "அந்தப் பக்கம் யாரும்மா?" அம்மா சொன்னாள், "குடோன் சொவர்டீ. நாம தட்டினது திரும்பி வரது." நாம் ஒன்று தட்டினால் எப்படி இரண்டாகத் திரும்பும் என்று கேட்டதற்கு, நட, நட என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்த வாரமே பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மின்கம்பத்தடியில் தனியாக நின்று, அம்மா சொன்ன சுவரைப் பார்த்துக் கை தட்டினேன். பத்து முறை தட்டியிருப்பேன். உள்ளங்கை சிவந்தது. சுவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது மட்டும், நான் மறுபடி தட்டுவதற்காக அங்கே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல முதுகு சில்லென்றது.

இரண்டு வருஷத்துக்கு முன், கோஷ்டியின் செக்ரட்டரியான என் மன்னி போன் செய்தாள். மன்னி என்றால் அண்ணாவின் மனைவி. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், எதையும் கோப்பில் போட்டு முடித்துவிடும் சுபாவம்.

"நீ கவிதை எழுதறவதானே? நாலு வரி வேணும்."

"எதுக்கு மன்னி?"

"நாலாவது சரணத்துக்கு. ஒரு கலாசார அமைப்புலேர்ந்து வந்து இந்தப் போகிக்கு நம்ம பஜனையை ரெக்கார்டு பண்றா. அந்தப் பையன் கேக்கறான், நடுவிலே ஏன் மாமி சவுண்டே இல்லேன்னு. அதுதான் பாட்டுன்னேன். பாக்கறவா மொபைல் கேடாயிடுத்துன்னு நெனச்சுப்பா மாமி, அப்படீங்கறான்."

"பழைய வரி யாருக்காவது..."

"கேட்டாச்சு. ஒருத்தர் கொடின்னு வரும்கறார், ஒருத்தர் கடல்னு வரும்கறார், இன்னொரு மாமா ராட்டைதான்னு சத்தியம் பண்றார். எல்லாரும் அவாவா வாய்க்குள்ளே அவாவா வரியைப் போட்டு மென்னுண்டு இருந்திருக்கா. பின்னே என்ன, நீயே எழுது. வாடகை வீடு மாதிரி ஆயிடுத்து அது, யாராவது ஒருத்தர் குடியேறட்டும்."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஆசை வந்துவிட்டது. மெல்லிய இரண்டு புத்தகங்கள் போட்டவள் நான். அவற்றைப் படித்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். என் வரி ஒன்று, நான் போனபின்னும், வருஷத்துக்கு ஒருமுறையாவது தெருவில் நடக்கும். அதுவும் அந்த இடத்தில், சொல் போய்விட்ட அந்தப் பள்ளத்தில். ஊர் ஊராக அலைந்தவளுக்கு அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? மூன்று மாதம் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

எல்லைக்கல் மேல் ஏறி நின்ற தாயே,
எங்கள் கால் தூசியில் உன் பேரெழுது

என்று தொடங்கியது. கோஷ்டியின் இளையவர்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது என்பதால் மன்னி அதை மலையாள எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். என் வரியை நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அந்தப் போகியன்று பதினேழு பேர் நடந்தோம். கூடவே, ஒவ்வொரு வருஷமும்போல, பக்கத்துச் சந்துக் கொங்கணி அம்மாள். அவள் பஜனைக்காரி அல்ல. வாய் மூடிய சரணத்துக்கு மட்டும் வந்து சேர்ந்துகொள்வாள், அவள் அம்மாவும் அப்படித்தான் என்பார்கள். மின்கம்பம் வந்தது. பல வருஷப் பழக்கத்தில் எல்லோருடைய உதடும் தானாக ஒட்டிக்கொண்டது. மன்னி கையைத் தூக்கினாள். வாயைத் திறந்தோம்.

நன்றாகத்தான் ஒலித்தது, பொய் சொல்லக் கூடாது. என் சொற்கள் குடோன் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டபோது கண் நிறைந்தது. அப்போதுதான் கவனித்தேன். கொங்கணி அம்மாள் மின்கம்பத்தடியிலேயே நின்றுவிட்டாள். பாதி உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பிறகு அதைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

சரணம் முடிந்தது. நின்றோம். தட்டினோம். காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

பனி மெல்ல அசைந்தது. எங்கோ ஒரு படகின் மோட்டார் இருமி நின்றது. கேமரா வைத்திருந்த பையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டோலக் மாமா மிக மெதுவாக, "இன்னும் ஒரு தடவை தட்டுவோமோ?" என்றார். தட்டினோம். எதிரில் இருந்த அமைதி, ஆள் இல்லாத இடத்தின் அமைதியாக இல்லை. ஆள் இருக்கும் வீட்டில், கதவைத் தட்டியும் திறக்காதபோது உள்ளே இருக்குமே, அந்த அமைதி.

மன்னி பல்லவியை எடுத்தாள். திரும்பி நடந்தோம். அன்று நான் மட்டும் பின்னால் பார்த்தேன். தெருதான் இருந்தது.

அன்று மத்தியானம் மன்னியின் மொபைலில் முந்தைய வருஷத்து வீடியோவைத் தேடி எடுத்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டேன். ஜால்ரா, கால்கள், எங்கள் தட்டு. பிறகு, தப். அவ்வளவுதான். உடனே பல்லவி. அதற்கும் முந்தைய வருஷத்தைப் போட்டேன். அதிலும் ஒன்றுதான். மன்னியிடம் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டாள்.

"ரெண்டுன்னா வரும்," என்றாள்.

"இதுல ஒண்ணுதான் இருக்கு மன்னி."

"மைக் சரியில்லை," என்று சொல்லி மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

மறுநாள் ஏலக்காய் வாங்கப் போனேன். வெள்ளைக்காரன் பக்கத்து முதல் கடை அது. பல தலைமுறையாகத் தமிழ் ராவுத்தர் குடும்பத்தின் மலைச்சரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கணவர் போனபின் கடையைப் பார்த்துக்கொள்கிறவளை இத்தா, அதாவது அக்கா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அறுபது வயதிருக்கும். தராசில் ஏலக்காயைக் கொட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்தக் கொல்லம் என்ன மாமி, எல்லா வருஷமும்போல இல்லாம வாயைத் திறந்திட்டீங்க?"

"நான்தான் எழுதினேன் இத்தா. நன்னா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்கு எங்கே தட்டணும்னு தெரியாமப் போச்சு."

ஏலக்காய் மணம் மூக்கில் ஏறி நின்றது. என் முகத்தைப் பார்த்து அவளே சிரித்தாள்.

"என்னமோ ஜின்னைக் கண்ட மாதிரி நிக்கிறீங்க. நாங்கதான் மாமி. இந்தக் கடைக்கதவுப் பலகைக்குப் பின்னாலே நின்னு தட்டுறது. எங்க மாமியா தட்டினாங்க, அவங்க மாமியா தட்டினாங்க, இப்போ நான். உங்க ஆளுங்க மூடின வாயோட வந்து நிக்கும்போ, ஏட்டு எந்த முக்குல நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியாதல்லோ? எங்க மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியும். ஏட்டு போயாச்சுன்னா ஒரு தட்டு. வாயைத் திறக்கலாம்."

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லலியே இத்தா."

"சொல்லக் கூடாதுன்னுதானே ஏற்பாடு. உங்களைப் பிடிச்சுக் கேட்டா, யார் தட்டினான்னு தெரியாதுன்னு நீங்க படச்சவன்மேல சத்தியமாச் சொல்லணும். தெரிஞ்சிருந்தா பொய்ச் சத்தியமாயிடும். பெறகு சுதந்திரம் வந்துது. சொல்லலாம்னு யாரும் வந்து சொல்லலை. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நீங்களும் கேக்கலை."

எங்கள் சந்து தலைமுறை தலைமுறையாகச் சுவரை நம்பியிருக்கிறது. சுவருக்குப் பக்கத்தில் மனிதர்கள் நின்றிருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் அந்தக் கடைக்காரர்கள் பாட்டுக்குள் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. ஏலக்காய்க்கு மட்டும் அவர்களிடம் போனோம். வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதி, ஒன்பது வயதிலிருந்து முதுகில் நின்ற சில்லிப்பு இறங்குவதுபோல. அந்த நிம்மதியில்தான் கேட்டேன்.

"ஆனா ரெண்டு தட்டு வருமே இத்தா."

தராசில் அவள் கை நின்றது.

"ஒண்ணுதான் மாமி."

"நாங்க எல்லாருமே ரெண்டுதான் கேட்டிருக்கோம். ரெண்டாவது விழுந்தப்புறம்தான் வாயைத் திறப்போம்."

"ஒண்ணுதான். ரெண்டு தட்டவே மாட்டோம். ரெண்டு தட்டினா..." அவள் கடைக்கு உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு தட்டினா ஏட்டு இங்கேதான் நிக்கிறான்னு அர்த்தம். திறக்காதீங்கன்னு."

பொட்டலத்தை மடித்தாள், நூல் சுற்றினாள். நான் படியிறங்கும்போது சொன்னாள், "அடுத்த போகிக்கு நான் இங்கே இல்லை. மகன் காக்கநாட்டில ஃப்ளாட் வாங்கியாச்சு. வீட்டைக் கொடுத்திட்டோம். பதினோராம் மாடி. அங்கேருந்து தட்டினா உங்களுக்குக் கேக்காது."

மன்னியிடம் மட்டும் சொன்னேன். அவள் கொடிக்கயிற்றிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். மொபைலில் பதிந்திருந்தது இத்தாவின் தட்டு, இரண்டாவது அவளுடையது இல்லை. வெள்ளைக்காரன் போய், ஏட்டு போய், கல்லும் போய், அதற்குப்பிறகும் வருஷா வருஷம் யாரோ எங்களிடம் "திறக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் வருஷா வருஷம் அதைக் கேட்டுத்தான் திறந்திருக்கிறோம். யாரிடமிருந்து எங்களைக் காப்பாற்றப் பார்த்தார்கள்? இன்னும் போகாமல் அங்கே நிற்பது யார்?

"ஒன் வரியை எடுத்துடலாமா?" என்றாள் மன்னி.

"எடுத்துடுங்கோ."

"நன்னாத்தான் இருந்தது, கேட்டியா. எனக்கு மனப்பாடமே ஆயிடுத்து."

"அது போறும் மன்னி," என்றேன். போதவில்லைதான். அன்று ராத்திரி ரயிலில், பிடுங்கிய பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல மனசு அந்த வரியையே தடவிக்கொண்டிருந்தது. ஆனால் கொங்கணி அம்மாளின் பாதி உயர்ந்த கையையும் மறக்க முடியவில்லை. என் வரி அந்தச் சரணத்தில் குடியேறியபோது, அதில் ஏற்கனவே இருந்தவர்களையெல்லாம் காலிசெய்துவிட்டிருந்தது. கொடி, கடல், ராட்டை, கொங்கணி அம்மாளுக்குள் ஓடிய ஏதோ ஒன்று, பலகைக்குப் பின்னால் நின்ற பெண்கள். நாடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டது அந்த நெரிசலைத்தான். அதில் நான் ஒருத்தியாக நிற்கலாம். நடுவில் உட்கார்ந்துகொள்ளக் கூடாது.

கலாசார அமைப்பிலிருந்து மறுபடி கேட்டபோது, சவுண்ட் இல்லாத சரணம்தான் உண்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்னி சொல்லிவிட்டாள். அவர்கள் வரவில்லை. மன்னிதான் மொபைலைக் கையில் பிடித்தபடி நடந்தாள்.

இந்த வருஷம் பதினைந்து பேர். மின்கம்பம் வரும்போது கொங்கணி அம்மாள் அங்கே ஒரு கடைப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் உதடுகளைப் பார்த்தாள். மூடியிருந்தன. படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். நடந்தோம். என் வாய்க்குள் என் வரி இருந்தது, எல்லோருக்கும் அவரவர் வரி இருப்பதுபோல. வெளியே ஒலித்தபோது பொருந்தாதது உள்ளே ஒரு சுருதி பிசகாமல் பொருந்தியது.

இத்தாவின் கடையைக் கடந்தேன். பலகைகள் போய் இரும்பு ஷட்டர் வந்திருந்தது. வெளியே பெரிய பூட்டு. மாடி ஜன்னலைக் கழற்றி எடுத்திருந்தார்கள், அந்த இடத்தில் செவ்வகமாக இருட்டு. வீட்டுக்குள் ஒருவரும் இல்லை என்பது தெருவிலிருந்தே தெரிந்தது.

சரணம் முடிந்தது. நின்றோம். தட்டினோம்.

பதினைந்து பேரும் ஒரு கொங்கணி அம்மாளும் எதிரே பார்த்துக்கொண்டு நின்றோம். மன்னி என்னைப் பார்த்தாள். வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வராவிட்டால் எப்படிப் பல்லவியை எடுப்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தோம்.

தப்.

மிக அருகில். பொறுமையான ஒரு தட்டு, இரண்டு உள்ளங்கையும் முழுசாகப் படிந்து பிரியும் தட்டு.

மற்றவர்கள் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். டோலக் மாமா தலையைச் சாய்த்து, கையை டோலக்கின் மேல் தயாராக வைத்திருந்தார். அடுத்தது வரவில்லை. அவர்கள் காத்துக்கொண்டே நின்றார்கள். ஒன்று என்றால் திறக்கலாம் என்பது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். மன்னியின் உதடு திறக்கவில்லை. குடோன் சுவரின் மேல் வெளிச்சம் ஏறத் தொடங்கியிருந்தது. தெரு அந்தக் கோடிவரைக்கும் காலியாக, பெருக்கிவிட்டதுபோலக் கிடந்தது.

நான்தான் பல்லவியை எடுத்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். திரும்பி நடந்தோம். யாரும் பின்னால் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மன்னி மொபைலை நீட்டினாள்.

"எல்லாம் பதிஞ்சிருக்கு. நான் இன்னும் கேக்கலை. ஒனக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் மன்னி," என்றேன்.

அவளும் வற்புறுத்தவில்லை.